வாடகை வீட்டில் இருப்பவர்களிடமும் ஓட்டுக் கேட்கிறீர்கள், அவர்களுக்கும் பதில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தொகுதியில் போட்டியிட இருக்கும் ஒருவரின் பேட்டியை ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் படித்தேன். அதில் பாதிக்கு மேல் வீடு பற்றித்தான். ஒரு வேட்பாளர் வீட்டைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதே நல்ல விஷயம், அதற்காக முதலில் அவருக்கும் பேட்டி எடுத்த உங்கள் நிருபருக்கும் நன்றி. ஆனால் படித்து முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பெயரையும் கட்சியையும் இங்கே எழுதப் போவதில்லை. எந்தக் கட்சி மேடையில் நின்று கேட்டாலும் இதே பேச்சுதான் வருகிறது என்பதால் ஒருவரை மட்டும் இழுப்பது நியாயமில்லை.

அவர் சொன்னதன் சாரம் இது. எல்லோருக்கும் சொந்த வீடு கிடைக்க வழி செய்வேன், அதுதான் நிரந்தரத் தீர்வு. வாடகை என்பது வீட்டு ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் உள்ள விவகாரம், அதில் அரசு தலையிட்டால் யாரும் வீட்டை வாடகைக்கு விட மாட்டார்கள். நிறைய அடுக்குமாடிகள் வந்தால் வாடகை தானாகக் குறையும். இவ்வளவுதான். முழுப் பேட்டியிலும் வாடகை வீட்டில் இருப்பவர் என்றால் அவர் சீக்கிரம் சொந்த வீட்டுக்குப் போகப்போகிறவர், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ள வேண்டியவர் என்ற எண்ணம்தான் தெரிகிறது. வாடகை வீட்டிலேயே கல்யாணம் முடித்து, வாடகை வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைத்து, வாடகை வீட்டிலேயே வயதாகிப் போகும் குடும்பங்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நானும் அப்படித்தான். எங்களுக்குச் சொந்த வீட்டு ஆசை இல்லை என்று சொல்லவில்லை. ஆசை நிறைவேறும் வரை, நிறைவேறாமலே போனாலும், இப்போது குடியிருக்கிற வீட்டில் எங்களுக்கு என்ன உரிமை என்று கேட்கிறோம்.

வாடகையில் அரசு தலையிடக் கூடாது என்கிறார். அரசு ஏற்கெனவே தலையிட்டிருக்கிறது என்பது சட்டமன்றத்துக்குப் போக விரும்புகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த 2017-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் அது அமலில் இருக்கிறது. 1960-இல் வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டுத்தான் இதைக் கொண்டு வந்தார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்தான் அந்த அதிகாரி, தகராறு வந்தால் வாடகை நீதிமன்றம், அதற்கு மேல் தீர்ப்பாயம், இப்படி ஒரு தனி ஏற்பாடே இருக்கிறது. பதிவு செய்ய இணையதளமும் வைத்திருக்கிறார்கள். ஓனர்தான் பதிய வேண்டும் என்றில்லை, குடியிருப்பவரும் விண்ணப்பிக்கலாம். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், கழிவுநீர் வசதி இதையெல்லாம் ஓனர் நிறுத்தி வைக்கக் கூடாது, நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுத்து உடனடி உத்தரவு வாங்கலாம் என்றும் அதில் இருக்கிறது.

இந்த விவரமெல்லாம் எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? விசாரித்துப் பார்த்தேன். வாடகை அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. தகராறு என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்கள், அங்கே இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள், அப்புறம் கட்சிக்காரர் ஒருவரைப் பிடித்துப் பேச வைப்பார்கள், கடைசியில் சாமானைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவில் வீடு பார்ப்பார்கள். இதுதான் நடைமுறை.

அதைவிட மோசமான ஒன்றைச் சொல்கிறேன். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால், அதையே காரணமாகக் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக அந்தச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. எழுத்தில் போடுவது இரண்டு பேரின் கடமைதான், ஆனால் போடாமல் விட்டால் தெருவுக்கு வருவது குடியிருப்பவர் மட்டும். வாய்வார்த்தையில் பேசி அட்வான்ஸ் கொடுத்து மாசாமாசம் வாடகையும் ஒழுங்காகக் கட்டி வருகிற ஒருவர், அக்ரிமென்ட் போட்டுத் தாருங்கள் என்று கேட்டால், அந்த வம்பெல்லாம் நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிடும் ஓனர்கள் ஏராளம். அப்படிச் சொன்ன ஓனரே நாளைக்கு, ஒப்பந்தம் இல்லை, காலி செய்து கொடுக்க உத்தரவிடுங்கள் என்று மனு போடலாம். சட்டத்தை நம்பியவர்களுக்கே அது எதிராகத் திரும்புகிற இடம் இது. இதைத் திருத்துவேன் என்று ஒரு வேட்பாளராவது சொல்ல வேண்டாமா?

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டப்படி தவறு. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் அதிகமாகவும் வாங்கலாம் என்று அதே பிரிவு தொடக்கத்திலேயே கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. வீடு தேடி அலைகிறவர் எங்கே பேரம் பேசி ஒத்துக்கொள்ளாமல் இருப்பது? ஓனர் பத்து மாதம் என்றால் பத்து மாதம், ஆறு மாதம் என்றால் ஆறு மாதம், வேண்டாம் என்றால் வாசலில் அடுத்த ஆள் நிற்கிறார். 2021-இல் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டத்தில் வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைதான் உச்சவரம்பு. நம்முடைய சட்டத்தில் மூன்று மாதம், அதிலும் இந்த ஓட்டை. ஒரு வரியை எடுத்தால் போதும், லட்சக்கணக்கான குடும்பங்களின் கையில் அவர்களுடைய பணமே தங்கும். நகையை அடகு வைத்து, சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்து அட்வான்ஸ் கட்டுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வட்டி இல்லாமல் வருஷக்கணக்காக ஓனரிடம் கிடக்கிற அந்தப் பணத்துக்கு இவர்கள் வெளியே வட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

காலி செய்யும் நாளில் அது எப்படித் திரும்பி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். போன வீட்டை நாங்கள் காலி செய்தபோது ஓனர் ஒரு சின்ன டைரியை வைத்துக்கொண்டு அறை அறையாக வந்தார். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் புகை படிந்த இடம், குளியலறைக் கதவின் அடியில் தண்ணீர் பட்டு ஊறிப்போன பலகை, காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்று எழுதிக் கழித்தார். கதவுக்குத் தனியாகக் கழித்தார். நாங்கள் குடிபோனபோது அந்த வீட்டுக்கு வெள்ளை கூட அடிக்காமல்தான் சாவி கொடுத்தார்கள், எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. எங்களிடம் அப்போது எழுத்தில் எதுவும் இல்லை, குடிபோன அன்று எடுத்த ஒரு போட்டோ கூட இல்லை. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட அந்தப் பணம் அன்றைக்கே வேண்டும், நின்று சண்டை போட நேரம் ஏது? கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தோம். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், எல்லோரும் செய்வதைச் செய்தார். எல்லோரும் செய்வதாக இது ஆகிப்போனதுதான் பிரச்சினை. எழுத்தில் ஒப்பந்தமும், வீட்டில் என்னென்ன எந்த நிலையில் இருக்கிறது என்று இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளும் இருந்தால் அந்த டைரிக்கு வேலையே இல்லை.

கரன்ட் பில் பற்றி வேட்பாளர் பேசவே இல்லை. தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்தச் சலுகையைச் சொல்லாத அரசியல் மேடை கிடையாது. ஆனால் ஒரே இணைப்பில் மேலும் கீழுமாக இரண்டு மூன்று போர்ஷன் இருக்கிற வீடுகளில் என்ன நடக்கிறது என்று வந்து பார்க்கச் சொல்லுங்கள். மாடிப்படிக்குக் கீழே, செருப்பு விடும் இடத்துக்கு மேலே, பலகையில் சப் மீட்டர்கள் வரிசையாக இருக்கும். மாதம் பிறந்தால் ஓனர் வீட்டுப் பையன் டார்ச் அடித்து எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போவான். ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வைத்த விலைதான் விலை, அந்த 100 யூனிட் இலவசம் எங்கள் கணக்கில் வராது. மூன்று குடும்பம் சேர்ந்து செலவழிக்கும் மின்சாரம் ஒரே மீட்டரில் ஏறுவதால், யூனிட் கூடக் கூடக் கட்டணம் ஏறுகிற முறையில் எல்லோருடைய விலையும் மேலே போய்விடும், அதையும் நாங்களேதான் கட்ட வேண்டும். ஆக, அரசு ஏழை நடுத்தரக் குடும்பங்களுக்காகக் கொடுக்கிற மானியம் அந்தக் குடும்பங்களில் ஒரு பெரிய பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. இதற்குப் புதிதாக ஒரு திட்டம் தீட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு வாங்குவதை எளிதாக்கி, மின்வாரியத்துக்கு ஓனர் கட்டும் விலைக்கு மேல் குடியிருப்பவரிடம் வாங்கக் கூடாது என்று ஒரு விதி போட்டு, அதை வாடகை அதிகாரி கவனித்தால் போதும்.

இனி, சொந்த வீட்டுப் பேச்சு. எல்லோருக்கும் வீடு என்று 2015-இல் பிரதமர் பெயரில் திட்டம் வந்தது, 2022-க்குள் முடியும் என்றார்கள். இங்கே 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் வந்தது, கிராமப்புறங்களில் குடிசையில் இருப்பவர்களுக்கு ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்று இலக்கு. இவற்றால் பயன்பட்டவர்கள் உண்டு, எங்கள் உறவிலேயே ஒருவர் கிராமத்தில் அப்படி வீடு கட்டினார், நான் இவற்றைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் வீடு கட்டப் பணம் தருகிற இந்தத் திட்டங்களுக்கு முதலில் கையில் ஒரு துண்டு மனை வேண்டும். பட்டா இருந்தால்தான் விண்ணப்பமே. நகரத்தில் வாடகைக்கு இருக்கிறவரிடம் பட்டா எங்கிருந்து வரும்? வங்கிக் கடன் மானியம் என்றால் சம்பளச் சான்று வேண்டும். வீட்டு வேலை செய்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர், இவர்களுக்கெல்லாம் சம்பளச் சான்று கொடுப்பது யார்?

குடிசை மாற்று வாரியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970-இல் தொடங்கிய வாரியம் அது, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஆரம்ப காலத்தில் மக்கள் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கான வீடுகளைக் குவித்தார்கள். வேலை மயிலாப்பூரிலும் தி.நகரிலும், வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால். அந்த வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப வாடகைக்கு வந்தவர்களை எனக்கே தெரியும். இன்னொன்று, கரையோரக் குடியிருப்புகளை அகற்றும்போது அங்கே வாடகைக்கு இருந்த குடும்பங்கள் பல நேரங்களில் கணக்கிலேயே வருவதில்லை. குடிசைக்குச் சொந்தக்காரருக்கு மாற்று வீடு, அதே குடிசையில் வாடகை கொடுத்துக் குடியிருந்தவருக்கு ஒன்றுமில்லை. ஏழைகளிலும் வாடகைக்கு இருக்கிற ஏழைதான் கடைசி வரிசையில் நிற்கிறார்.

நிறையக் கட்டினால் வாடகை குறையும் என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யாருக்காகக் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2012-இல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு இந்திய நகரங்களில் சுமார் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றது, அதில் 95 சதவீதத்துக்கும் மேல் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான பற்றாக்குறை. அதற்கு முந்தைய ஆண்டு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நகரங்களில் ஆளில்லாமல் பூட்டிக்கிடந்த வீடுகள் சுமார் 1.1 கோடி. அந்தப் பக்கம் பூட்டிய வீடு, இந்தப் பக்கம் வீடில்லாத ஜனம், இரண்டும் ஒரே ஊரில். எண்பது லட்சம், ஒரு கோடி என்று விலை வைத்து விற்கிற அடுக்குமாடிகள் இன்னும் நூறு வந்தாலும் மாதம் இருபதாயிரம் சம்பாதிக்கிறவரின் வாடகை எப்படி இறங்கும்?

அரசே வாடகைக்கு வீடு கட்டி விடலாமே என்று கேட்டால், அது நடக்காத காரியம் என்கிறார்கள். நடந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் மூலமாக 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 18,720 பேர் தங்கும் குடியிருப்பைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். செல்போன் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களுக்காகக் கட்டியது. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோழி விடுதிகளும் அரசு நடத்துகிறது. அரசு ஊழியர்களுக்கு வாடகைக் குடியிருப்புகளை வீட்டுவசதி வாரியம் பல வருடங்களாகவே வைத்திருக்கிறது. பெரிய கம்பெனி வந்தால் அதன் தொழிலாளர்களுக்குத் தங்குமிடம் கட்ட முடிகிறது, அரசு ஊழியருக்குக் கட்ட முடிகிறது. அப்படியானால் தனியார் பள்ளி ஆசிரியைக்கும், மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்ப்பவருக்கும், டெலிவரி ஓட்டும் பையனுக்கும் நியாயமான வாடகையில் வீடு கட்டி விட ஏன் முடியாது? வீட்டுவசதி வாரியத்துக்கு நகரத்துக்குள்ளேயே நிலம் இருக்கிறது. பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும்போது ஒரு பகுதியை விற்காமல் வாடகைக்கென்றே வைத்துக்கொள்ளலாம். இதைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் கூட அந்தப் பேட்டியை வேறு மாதிரி படித்திருப்பேன்.

2025 நவம்பரில் நியூயார்க் மேயர் தேர்தலில் ஸோஹ்ரான் மம்தானி ஜெயித்தபோது நம் ஊர்ப் பத்திரிகைகள் எல்லாம் அவருடைய இந்திய வம்சாவளியைப் பற்றி எழுதின. அவர் எதைச் சொல்லி ஜெயித்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வாடகையை நிறுத்தி வைப்பேன், ஏற விட மாட்டேன் என்பதுதான் அவருடைய முதல் வாக்குறுதி. அந்த நகரத்தில் சுமார் பத்து லட்சம் வீடுகளின் வாடகை உயர்வை ஒன்பது பேர் கொண்ட ஒரு வாரியம் வருஷா வருஷம் முடிவு செய்கிறது, அந்த ஒன்பது பேரையும் நியமிப்பது மேயர். 2025-இல் ஒரு வருட ஒப்பந்தங்களுக்கு 3 சதவீதம் ஏற்ற அந்த வாரியம் அனுமதித்தது. இவர் நேராகப் போய், நான் வந்தால் பூஜ்யம் என்றார். பத்து வருடத்தில் இரண்டு லட்சம் வீடுகள் கட்டுவேன் என்றும் சொன்னார்.

அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. வாடகையை ஏற்றவே விடாமல் வைத்தால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். 1960 சட்டத்தின் கீழ் ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி மாதிரியான இடங்களில் பழைய வாடகையிலேயே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள், ஓனர்கள் ஒரு ஆணி கூட அடிக்காமல் கட்டடத்தை இடிய விட்டார்கள், பலர் பயந்துகொண்டு வீட்டைப் பூட்டியே வைத்தார்கள். ஓய்வூதியம் இல்லாமல் மாடிப் போர்ஷன் வாடகையை வைத்துத்தான் மருந்து வாங்குகிற பெரியவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள், காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டு அவர்களை அலைக்கழித்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் வாடகை ஏறவே கூடாது என்று நான் கேட்கவில்லை. வருடத்துக்கு எவ்வளவு ஏறலாம் என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும், இன்றைய சட்டத்தில் அது ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்ததும் ஒரேயடியாக மூவாயிரம் ஏற்றுகிறேன், இஷ்டம் இருந்தால் இருங்கள் என்று சொன்னால் கேட்பார் இல்லை. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போது வீடு மாற்றிப் பள்ளி மாற்றுவது எந்தக் குடும்பத்துக்கும் முடியாது என்பது ஓனருக்கும் தெரியும்.

வீடு கிடைப்பதே சிலருக்குப் போராட்டம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. சைவம் மட்டும் என்று போர்டு தொங்குகிறது. புரோக்கர் போனில் முதலில் கேட்பது, நீங்க என்ன ஆளுங்க என்பதுதான். முஸ்லிம் குடும்பம், தலித் குடும்பம், தனியாக இருக்கும் பெண், திருநங்கை, இவர்களுக்கு வீடு காலி இல்லை என்ற பதில் வீட்டைப் பார்க்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. சமூக நீதி பேசாத கட்சி தமிழ்நாட்டில் இல்லை. சாதியும் மதமும் கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் ஒரு பிரிவு ஏன் 2017 சட்டத்தில் இல்லை என்று அவர்கள் யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு பேர் இருந்தும் ஏன் எங்களை யாரும் கண்டுகொள்வதில்லை என்று யோசித்திருக்கிறேன். காரணம் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். 2025 டிசம்பர் 19 அன்று, தேர்தல் ஆணையம் வீடு வீடாகப் பட்டியலைச் சரிபார்த்த தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் 66 லட்சத்துக்கும் மேல் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போனவை. அந்த 66 லட்சத்தில் எத்தனை பேர் வாடகைக்காக வீடு மாறியவர்கள் என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை, ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வீடு மாறுகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும். வீடு மாறும்போது ரேஷன் கார்டு, கேஸ், ஆதார், ஓட்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அதற்கு முகவரிச் சான்று வேண்டும், அதற்கு அக்ரிமென்ட் வேண்டும், அதைத்தான் ஓனர் தர மாட்டேன் என்கிறார். பழைய முகவரியிலேயே எல்லாம் கிடக்கும். வெள்ள நிவாரணம் என்றாலும் அலைச்சல், ஓட்டுப் போடும் நாளிலும் அலைச்சல். இந்தத் தொகுதியில் ஐந்து வருடம் கழித்து நாங்கள் இருப்போமா என்பது வேட்பாளருக்கு நிச்சயமில்லை, அதனால் சொந்த வீட்டுக்காரர் சங்கத்துக் கூட்டத்துக்கு மட்டும் போய்ச் சால்வை வாங்கிக்கொள்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம் என்ற அந்தச் சட்டத்தை உண்மையிலேயே நடைமுறைப்படுத்தினால் எங்கள் அட்வான்ஸும் தப்பும், எங்கள் ஓட்டும் தப்பும்.

அந்த வேட்பாளர் இந்தக் கடிதத்தைப் படிப்பாரோ என்னவோ. அடுத்த முறை உங்கள் நிருபர் அவரையும் அவரை எதிர்த்து நிற்பவர்களையும் சந்திக்கும்போது தயவுசெய்து இவற்றை நேராகக் கேட்கட்டும். அட்வான்ஸ் வரம்பில் உள்ள அந்த விதிவிலக்கை நீக்கச் சட்டமன்றத்தில் குரல் கொடுப்பீர்களா? ஒப்பந்தம் எழுதித் தர மறுத்த ஓனரே ஒப்பந்தம் இல்லை என்று காலி செய்யச் சொல்வதைத் தடுக்கத் திருத்தம் கொண்டுவரச் சொல்வீர்களா? நம் தொகுதிக்கான வாடகை அதிகாரியின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா, அதன் முகவரியை உங்கள் பிரசார நோட்டீஸில் அச்சடிப்பீர்களா? அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே, கட்சி வாரியாக, நீங்கள் வெளியிட வேண்டும். எங்கள் தெருவில் அதைப் படித்துவிட்டு ஓட்டுப் போடப் பலர் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு வாசகி,
சென்னை